முசிறியும் எட்டுத் தெய்வங்களும்

முசிறி என்று சொன்னதும் இலக்கிய வாசகரின் மனம் மேற்குக் கடற்கரைக்குப் போய்விடுவது இயல்பு. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய சேரர் துறைமுகம் அது. அகநானூற்றின் 149ஆம் பாடல் அக்காட்சியைப் பதிவு செய்திருக்கிறது. பிளினி அறிந்திருந்த ஊர்; செங்கடல் வணிகவழியைப் பற்றிய கிரேக்கக் கையேடான பெரிப்ளூஸ் பெயர் சுட்டும் ஊர். வியன்னாவில் பாதுகாக்கப்படும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடொன்றில், ஹெர்மபோலோன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்கின் மதிப்போடு சேர்ந்து அவ்வூரின் பெயரும் வருகிறது. 2007 முதல் கேரளத்தின் பட்டணம் என்னும் சிற்றூரில் நடந்த அகழாய்வுகள் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களை வெளிக்கொணர்ந்தன. அதுதான் பழைய முசிறியா என்று ஐயம் எழுப்பிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆயினும் கேரள அரசு முசிறியின் பெயரால் ஒரு பெரிய மரபுத்திட்டத்தையே நடத்துகிறது. ஜெபாலயங்கள், கோட்டைகள், அங்காடிகள் என்று பலவும் அந்த ஒரு பெயரின் கீழ் இணைக்கப்பட்டிருக்கின்றன.

நான் எழுதவந்தது அந்த முசிறியைப் பற்றியன்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே இருக்கும் முசிறியைப் பற்றி. கோரைப்பாய்க்கும் வாழைக்கும் பெயர்பெற்ற வட்டாரம். சங்கீத ரசிகர்களுக்கு முசிறி சுப்பிரமணிய ஐயரின் ஊர். அவர் பிறந்தது பக்கத்துப் பொம்மலாபாளையம் என்றாலும் பெயரில் ஒட்டிக்கொண்டது முசிறிதான். பெயரொற்றுமையைக் கண்டு, யவனர் வந்தது இந்த ஊருக்குத்தான் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை எழக்கூடும். கடலிலிருந்து இத்தனை தொலைவில், மணல் மேடிட்ட ஓர் ஆற்றின் நடுப்பகுதியில் எந்த யவனனும் மிளகு வாங்க வந்திருக்க மாட்டான். அந்த ஆசைக்குள் ஒளிந்திருக்கும் தாழ்வுணர்ச்சிதான் என் கவனத்தை ஈர்க்கிறது. ஓர் ஊர் வரலாற்றுச் சிறப்புடையது என்று ஒப்புக்கொள்ளப்பட அதற்கு ரோமாபுரியின் சான்றிதழ் வேண்டும், அல்லது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பானையோடு வேண்டும், அதுவும் இல்லையென்றால் சோழர் கல்வெட்டாவது வேண்டும் என்று நாம் எப்போது நம்பத் தொடங்கினோம்?

அந்த நம்பிக்கைக்கு ஒரு சட்டவடிவம் உண்டு. 1904இல் கர்சன் காலத்தில் வந்த நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டமும், அதன் வழித்தோன்றலான 1958ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுமானம், சிற்பம், கல்வெட்டு, குகை போன்றவற்றையே கணக்கில் கொள்கின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது நூறாண்டு என்று எல்லை வகுக்கிறது. வியன்னாவில் அலோய்ஸ் ரீகல் 1903இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நினைவுச்சின்னங்களின் மதிப்பைப் பலவாறாகப் பிரித்துக் காட்டியது. முதுமையின் மதிப்பு வேறு, வரலாற்றின் மதிப்பு வேறு, இன்றும் பயன்படுவதால் வரும் மதிப்பு வேறு என்றார் அவர். ஆனால் ஒரு சமூகம் ஓர் இடத்தோடு கொண்டிருக்கும் பற்று என்பதைத் தனியாக எடுத்து, அழகு, வரலாறு, அறிவியல் ஆகியவற்றுக்குச் சமமாக உட்காரவைத்தது 1979இல் ஆஸ்திரேலியர்கள் வகுத்த பர்ரா சாசனம். பர்ரா என்பது தென் ஆஸ்திரேலியாவில் செம்புச் சுரங்கம் ஓய்ந்துபோன ஒரு சிற்றூர். முசிறியைப் போலவே உலக வரைபடத்தில் தேடிப்பிடிக்க வேண்டிய ஊர். அங்கே உட்கார்ந்து எழுதிய ஒரு கருத்தை நம் காவிரிக்கரையில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்பது இந்த வட்டாரத்து வழக்கு. குளித்தலையில் கடம்பவனேஸ்வரரைக் காலையில் வணங்கி, தெற்கே சில கிலோமீட்டர் சென்று அய்யர்மலையில் இரத்தினகிரீஸ்வரரை உச்சிப்பொழுதில் கண்டு, பிறகு காவிரியைக் கடந்து முசிறிப் பக்கம் வந்து, மாலையில் ஈங்கோய்மலையில் மரகதாசலேஸ்வரரைத் தரிசிக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் முடிப்பது புண்ணியம். கார்த்திகைச் சோமவாரமாக இருந்தால் இன்னும் விசேஷம். மூன்றும் தேவாரத் தலங்கள். கடம்பந்துறையையும் வாட்போக்கியையும் அப்பர் பாடினார். ஈங்கோய்மலையைச் சம்பந்தர் பாடினார். பதினோராம் திருமுறையில் நக்கீரதேவர் பெயரில் உள்ள ஈங்கோய் எழுபது முழுக்க முழுக்க இந்த மலைக்கு உரியது. அகத்தியர் ஈ வடிவெடுத்து இறைவனை வழிபட்டதால் இப்பெயர் என்பது தலபுராணம்.

ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் கதை இருக்கிறது. கடம்பவனேஸ்வரர் வடக்கு நோக்கி, காவிரியைப் பார்த்தபடி இருக்கிறார். கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சப்தமாதர் வீற்றிருக்கிறார்கள். அய்யர்மலையின் கதை இதைவிடச் சுவையானது. மாணிக்கத்தை நாடிவந்த ஆரிய அரசனிடம், காவிரி நீரால் ஒரு கொப்பரையை நிரப்பு என்றாராம் இறைவன். எவ்வளவு ஊற்றியும் கொப்பரை நிரம்பவில்லை. பொறுமையிழந்த அரசன் வாளை ஓங்க, அது லிங்கத்தின் முடியில் பட்டது. அதனால் வாட்போக்கி, அதனால் இறைவனுக்கு முடித்தழும்பர் என்ற பெயர். இன்றும் காவிரியிலிருந்து திருமஞ்சன நீர் குடங்களில் சுமந்துசென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏற்றப்படுகிறது. அரசனின் கொப்பரை இன்னும் நிரம்பவில்லை என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

அதே மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. பதினொரு செட்டிமார் தங்கள் பொருளைப் பங்கிட உட்கார்ந்தபோது எப்படிப் பிரித்தாலும் பன்னிரண்டு பங்காகவே வந்ததாம். பன்னிரண்டாவது பங்காளி யார் என்று திகைத்தவர்களுக்கு மலையிலிருக்கும் இறைவனே அந்தப் பங்காளி என்று விளங்கியது. பன்னிரண்டாம் செட்டியார் என்று பெயர்பெற்ற அந்த வகுப்பினருக்கும் மலைக்கும் உள்ள உறவு இந்தக் கதையில் வேர்கொண்டது. இறைவனைத் தந்தையாக, தலைவனாக, தோழனாகப் பாடிய மரபு நமக்குத் தெரியும். வாணிபக் கணக்கில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்ட மரபும் இருந்திருக்கிறது. ஒரு சமூகம் ஓர் இடத்துக்குக் கொடுக்கும் மதிப்பு என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அது வியப்போ அழகுணர்ச்சியோ அல்ல. கொடுக்கல் வாங்கல் உள்ள உறவு.

தனித்தனியாகப் பார்த்தால் இவை மூன்று கோயில்கள். பட்டியலில் மூன்று வரிசை எண்கள். ஆனால் அந்த வழக்கு இவற்றைத் தனித்தனியாகச் சொல்லவில்லை. காலை, உச்சி, அந்தி என்று ஒரு பகலின் மூன்று பொழுதுகளாகச் சொல்கிறது. நடுவில் ஓர் ஆறு. பாலம் வருவதற்கு முன் பரிசலிலோ, நீர் வற்றிய காலத்தில் மணலில் நடந்தோ அந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். அப்படியென்றால் அந்தப் பாதையும், அந்த ஆற்றின் குறுக்கு வழியும் தலத்தின் பகுதிதானே? எந்தப் பட்டியல் அதைச் சேர்த்துக்கொள்ளும்? இன்று அந்த அந்தி யாத்திரை கடப்பது தந்தை பெரியார் பெயர் தாங்கிய பாலத்தின் வழியே. இதில் முரண்பாட்டைக் காண்பவர் காணட்டும். எனக்குத் தோன்றுவது, பெரியாரே கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார் என்பதுதான்.

தைப்பூசத்தன்று நடப்பது இதைவிடப் பெரியது. குளித்தலைக் கடம்பந்துறையில், காவிரி ஆற்றுக்குள், எட்டு ஊர்த் தெய்வங்கள் கூடுகின்றன. குளித்தலைக் கடம்பவனேஸ்வரர் வீட்டுக்காரர். அய்யர்மலை இரத்தினகிரீஸ்வரர், இராஜேந்திரம் மத்தியார்ச்சுனேஸ்வரர், பெட்டவாய்த்தலை மத்தியார்ச்சுனேஸ்வரர், கருப்பத்தூர் சிம்மபுரீஸ்வரர் ஆகியோர் தென்கரையிலிருந்து வருகிறார்கள். ஈங்கோய்மலை மரகதாசலேஸ்வரர், முசிறிச் சந்திரமௌலீஸ்வரர், வெள்ளூர்த் திருக்காமேஸ்வரர் ஆகியோர் வடகரையிலிருந்து வருகிறார்கள். தீர்த்தவாரி நடக்கிறது. பந்தல்களில் எழுந்தருளிய மூர்த்திகளைச் சுற்றி இரவெல்லாம் மக்கள் வெள்ளம். பிறகு ஒருவரிடமிருந்து ஒருவர் விடைபெற்று ஊர் திரும்புகிறார்கள்.

இந்தச் சந்திப்புக்குக் கட்டடம் இல்லை. மேட்டூர் அணை 1934இல் வந்தது முதல் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது பாசன வழக்கம். தைப்பூசம் அந்த நாளை ஒட்டி முன்னேயோ பின்னேயோ வரும். ஆறு ஒடுங்கி மணல் வெளிப்படத் தொடங்கும் காலம். அந்த மணலே மண்டபம். ஆண்டுக்கொருமுறை எழுந்து, ஆடிவெள்ளத்தில் சுவடின்றி அழிந்து, மறு தையில் மீண்டும் எழும் மண்டபம் அது. இதற்குக் கல்வெட்டு எங்கே பொறிப்பது? நூறாண்டுக் கணக்கை எந்த மணலில் தொடங்குவது?

இதே நாளில், ஆற்றின் போக்கில் கிழக்கே சில காத தூரம் தள்ளி, இன்னொரு சந்திப்பும் நடக்கிறது. சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளுகிறாள். தமையனாகிய திருவரங்கத்து அரங்கநாதரிடமிருந்து அவளுக்குச் சீர்வரிசை வருகிறது. பட்டும் மாலையும் பழமும் மங்கலப் பொருள்களும் தட்டுகளில் வரும். பிறந்த வீட்டுச் சீர் என்பது ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. வைணவப் பெருமாள் ஒருவர், மாரிக்கு அண்ணன். ஆகமம் ஒருபக்கம் இருக்க, ஊர் தன் உறவுமுறையைத் தானே வகுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அரங்கனின் உறவுகளை மட்டும் எழுதினாலே ஒரு குடும்பப் பட்டியல் தேறும். பங்குனியில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்குச் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். திரும்பிவந்ததும் அரங்கநாயகித் தாயார் கதவடைக்கிறார். ஊடல், மட்டையடி, சமாதானம். கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. அவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். ஆடியில் அம்மா மண்டபப் படித்துறைக்கு எழுந்தருளிக் காவிரிக்கே சேலையும் சீரும் கொடுக்கிறார். சோழ குலத்துப் பெண், டில்லி சுல்தானின் பெண், ஆறு, மாரியம்மன் என்று ஓர் ஊர் தனக்குச் சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும், சண்டை போட்டவர்களையும் உட்பட, உறவுச்சொற்களுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. 1323இல் டில்லிப் படையெடுப்பில் நம்பெருமாள் ஊரைவிட்டுப் போனதும், 1371இல் கோபண்ணரின் துணையோடு திரும்பிவந்ததும் வரலாறு. அந்த வரலாற்றின் காயத்தைத் துலுக்க நாச்சியார் சந்நிதியில் மக்கள் எப்படி ஆற்றிக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான். இரண்டாவது வரலாற்றுக்கு நம் ஆய்வுநூல்கள் அடிக்குறிப்பில்தான் இடம் கொடுக்கின்றன.

உறையூரைச் சொன்னதும் வெக்காளியம்மன் நினைவுக்கு வருகிறாள். சோழரின் பழைய தலைநகரம் உறையூர். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்து பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் ரோமானியத் தொடர்புக்கான சான்றுகளையும் கண்டெடுத்தது. அந்தக் குழிகளின் மேல் இன்று தெருக்கள் இருக்கின்றன. உறையூர்க்காரர் ஒருவரிடம் உங்கள் ஊரின் பழமை எங்கே என்று கேட்டால் அவர் அகழாய்வைச் சொல்லமாட்டார். கூரையில்லாத வெக்காளியைச் சொல்வார். மண்மாரி பொழிந்து உறையூர் அழிந்தது. வீடிழந்த மக்கள் அம்மனிடம் ஓடிவந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கூரை அமையும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் வானத்தின் கீழ் நின்றுவிட்டாள். இது புராணம். ஆனால் ஒரு தலைநகரம் மண்மூடிப் போனது என்ற நினைவை, நூல் எதுவும் படிக்காத மக்கள் ஒரு கட்டாத கூரையாக இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாளைக்கே ஒரு வள்ளல் வந்து பொற்கூரை வேய்ந்து தருகிறேன் என்றால் அந்த இடம் அழிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளத் தொல்லியல் போதாது.

இதற்கு நேர் எதிரான ஒன்று திருவரங்கத்தில் நடந்தது. தெற்கு வாயிலில் பல நூற்றாண்டுகளாக ஒரு முடிக்கப்படாத கோபுர அடித்தளம் நின்றது. மொட்டைக் கோபுரம் என்றார்கள். விஜயநகர, நாயக்கர் காலத்துப் பணி, ஏதோ காரணத்தால் பாதியில் நின்றது. 1979இல் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் தம் முதிர்ந்த வயதில் அதை முடிக்கத் தொடங்கினார். 1987 மார்ச்சில் 13 நிலைகளோடு 236 அடி உயரத்தில் இராஜகோபுரம் குடமுழுக்குக் கண்டது. நிலைகள் பலவற்றுக்கும் தனித்தனி நன்கொடையாளர்கள். ஆறாம் நிலைக்கு இளையராஜா.

பாதுகாப்பு அறிஞர்களின் வேதமான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின்படி இதை எப்படி மதிப்பிடுவது? ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது அது. பழையவர்கள் முடிக்காமல் விட்டதை முடிக்காமலே காப்பதுதான் அதன் கண்ணில் நேர்மை. அந்த மொட்டை அடித்தளமே ஓர் அரசு சரிந்ததற்கான ஆவணம் என்று வாதிடலாம், வாதம் வலுவானதுதான். ஆனால் ஊருக்கு அது ஆவணமாக இருக்கவில்லை. நிறைவேறாத நேர்த்திக்கடனாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு கடன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை அடைத்தார்கள். எனக்கு அந்தக் கோபுரத்தின் சிற்ப அழகில் பெரிய ஈடுபாடு இல்லை. உள்ளே இருக்கும் சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர்களின் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய வேலை அன்று அது. ஆனால் அது கட்டப்பட்டிருக்கக் கூடாது என்று சொல்ல என்னால் இயலவில்லை.

அதே கோயில் 2014, 2015 ஆண்டுகளின் திருப்பணியில் வேறொரு பாதையை எடுத்தது. பிற்காலத்து ஒட்டுவேலைகளை அகற்றி, பழைய நீர்ப்போக்குகளை மீட்டு, மரபுமுறையில் செய்த அந்தப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஆக ஒரே கோயில், முப்பதாண்டு இடைவெளியில், ஒருமுறை சாசனத்துக்கு மாறாகவும் ஒருமுறை சாசனம் மெச்சும்படியும் நடந்துகொண்டது. இரண்டு முறையும் திருவரங்கத்துக்காரர்கள் மகிழ்ந்தார்கள்.

சமூகம் கொடுக்கும் மதிப்பு என்றதும் அதை இனிப்பாகவே கற்பனை செய்துகொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சமூகம் என்ற கேள்வி உடனே எழ வேண்டும். தேரை யார் முதலில் தொடுவது, பரிவட்டம் யாருக்கு, சப்பரம் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவுக்கு முன் திரும்பிவிடும் என்பவையெல்லாம் இதே மதிப்பின் மறுபக்கம். 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை இந்தக் கோயில்களின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இவை வரலாற்று இடங்களே. அவர்களுக்கு அவை நினைவூட்டியது வேறு. முசிறிக்கு மேற்கே தொட்டியத்தில் மதுரகாளியம்மனின் தேரை இன்றும் சக்கரத்தில் இழுப்பதில்லை, தோளில் சுமக்கிறார்கள். பார்ப்பவருக்கு மெய்சிலிர்க்கும். அந்தத் தோள்களின் வரிசையில் யாருக்கு எந்த இடம் என்பதற்குள் ஒரு வட்டாரத்தின் முழுச் சமூக வரலாறும் இருக்கும். அதை எழுதாமல் தேரின் உயரத்தை மட்டும் எழுதுவது பாதி உண்மை.

2006 டிசம்பரில் திருவரங்கம் இராஜகோபுரத்துக்கு எதிரே நிறுவப்பட்ட பெரியார் சிலை உடைக்கப்பட்டதும், மீண்டும் நிறுவப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கோபுர வாசல் பக்தர்களுக்கு ஒரு பொருளைத் தந்தது. அந்த வாசலை எதிர்த்தே வாழ்ந்த இயக்கத்துக்கு அதே வாசல் வேறு பொருளைத் தந்தது. இரண்டு தரப்பும் அந்த இடத்தை மதிப்பற்றதாகக் கருதவில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். மதிப்பில்லாத இடத்தில் யாரும் சிலை வைப்பதில்லை, உடைப்பதுமில்லை.

சட்டத்தோடு உரசும் மதிப்புகளும் உண்டு. முசிறியிலிருந்து திருச்சி வரும் வழியிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம் தங்கவைத்து, தீர்த்தம் தெளித்துக் குணம்பெற வேண்டுவது பழைய வழக்கம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் மடிந்தபின் தமிழகமெங்கும் இத்தகைய இடங்கள்மீது கேள்வி எழுந்தது, எழ வேண்டியதே. குணசீலத்தில் வழக்கம் ஒழிக்கப்படவில்லை. உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமாக, மருத்துவக் கண்காணிப்போடு அது உருமாறியது. மரபையும் சட்டத்தையும் எதிரெதிரே நிறுத்திக் கத்துவதைவிட இந்த வழி எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

இனி, ஆற்றுக்குத் திரும்பலாம். முசிறியின் மதிப்பு முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து கரூர் மாவட்டம் பிரிந்தது. இன்று எட்டுத் தெய்வங்களில் நால்வர் கரூர் மாவட்டத்தார், நால்வர் திருச்சி மாவட்டத்தார். குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவே ஓடுவது நிர்வாகத்துக்கு எல்லைக்கோடு. ஆற்றின் அக்கரை அடுத்த மாவட்டத்தின் பொறுப்பு. தைப்பூசத்துக்கோ அதே ஆறு கூடத்தின் நடுமுற்றம். முற்றத்தில் நடப்பதற்கு இரண்டு வீட்டுக்காரர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்பது குடும்ப நியாயம். கோப்பில் அந்த நியாயத்துக்கு இடமில்லை.

காவிரியிலும் கொள்ளிடத்திலும் பல்லாண்டுகளாக அள்ளப்பட்ட மணலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நிலத்தடி நீர், பாலங்களின் அடித்தூண்கள், கரைகளின் உறுதி என்று எல்லாக் கோணங்களிலும் வாதங்கள் வந்தன. மணல் ஒரு மண்டபம் என்ற வாதம் மட்டும் வரவில்லை. ஒரு கோயிலின் கல்தூண் ஒன்றை இரவோடிரவாகப் பெயர்த்துச் சென்றால் ஊர் கொதிக்கும். எட்டுத் தெய்வங்கள் உட்காரும் தளத்தை லாரி லாரியாக ஏற்றிச்சென்றால் அது கனிமவளக் குற்றம் மட்டுமே. நீரில்லாத ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் குழாய் வழியே நீர் தூவ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மக்கள் அதன் கீழும் நின்று, தாலிக்கயிறு மாற்றி, காதோலை கருகமணி வைத்து வணங்கிப் போனார்கள். அந்தப் பெண்களின் பொறுமை வணங்கத்தக்கது. ஆனால் குழாயிலிருந்து விழுவது பெருக்கு அல்ல என்று அவர்களுக்கும் தெரியும்.

2018 ஆகஸ்டில் எதிர்மாறாக வெள்ளம் வந்தது. முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளத்தில் திருச்சியையும் திருவரங்கத்தையும் சமயபுரச் சாலையோடு இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 1928இல் கட்டிய பாலம் அது. 2016இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபின் வண்டிகளுக்கு மூடப்பட்டு, காலையிலும் மாலையிலும் நடப்பவர்களுடையதாக மாறியிருந்தது. ஆற்றுக் காற்று வாங்கிக்கொண்டு, ஒருபுறம் இராஜகோபுரமும் தூரத்தில் மலைக்கோட்டையும் தெரிய நடக்கும் வயோதிகர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தூண்கள் சரிந்தபின் அதை நிறுத்திவைக்க முடியாது என்பது பொறியியல், அதை மறுக்கவில்லை. பின்னர் அதை இடித்து அகற்றும் பணி நடந்தது. சட்டத்தின் நூறாண்டுக்கு இன்னும் சில ஆண்டுகள் பாக்கி இருந்தன. ஒரு தூணை மட்டும் கரையில் நிறுத்திவைத்திருக்கலாம்.

அய்யர்மலைக்கு 2024இல் கம்பிவட ஊர்தி வந்துவிட்டது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பெரும் வரம். படியேற முடியாதவர்களிடம் படியின் புனிதத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் காலைக் கடம்பரிலிருந்து அந்தி ஈங்கோய்நாதர் வரையிலான அந்தப் பகலின் நடைக்கணக்கு இனி மாறும். திருமஞ்சனக் குடம் தோளிலேயே ஏறுமா, ஊர்தியில் ஏறுமா என்ற கேள்வி ஒருநாள் வரத்தான் செய்யும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் குடம் சுமப்பவர்களும் பன்னிரண்டாம் பங்காளியும்.

இந்த வட்டாரத்திலிருந்து எழுதுகிறவர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கல்வெட்டுகளைப் படியெடுப்பதோடு இன்னொன்றையும் செய்யலாம். தைப்பூசத்துக்கு ஒவ்வொரு ஊர்ச் சாமியும் எந்தப் பாதையில் வருகிறது, வழியில் எங்கெங்கே நின்று யாருடைய தேங்காயை ஏற்கிறது, பந்தல்கால் நடும் உரிமை யாருக்கு, பரிசல் ஓட்டிய குடும்பங்கள் பாலம் வந்தபின் என்ன ஆயின, வெள்ளம் வந்த ஆண்டில் சந்திப்பை எங்கே மாற்றினார்கள், எந்த ஆண்டில் எந்தச் சாமி கோபித்துக்கொண்டு வராமல் இருந்தது என்று கேட்டு எழுதிவைக்கலாம். சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். அடுத்த தைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.